நகரங்களின் காலநிலைத் தகவமைப்பு: திட்டம் யாருடையது, அதிகாரம் யாருடையது? – முக்கியக் குறிப்புகள்

இந்தத் தலைப்பு பாடத்திட்டத்தில் ஒரே இடத்தில் இல்லை. அரசமைப்புப் பகுதியில் 74ஆவது திருத்தமாகவும், சுற்றுச்சூழலில் காலநிலை மாற்றமாகவும், பேரிடர் மேலாண்மையில் நகர்ப்புற வெள்ளமாகவும், நடப்பு நிகழ்வுகளில் ஏதாவது ஒரு மாநகராட்சியின் புதிய அறிவிப்பாகவும் சிதறிக் கிடக்கிறது. தனித்தனியாகப் படித்தால் ஆண்டுகள் மட்டும் மனத்தில் நிற்கும். முதல்நிலைத் தேர்வுக்கு அது போதும், முதன்மைத் தேர்வில் விடை எழுத உட்கார்ந்தால் போதாது. எந்த நகரத்தின் திட்டத்தைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பேரிடருக்குப் பிறகு அது வந்தது? நிலமும் நீரும் யார் கையில் இருக்கின்றன? பணம் எங்கிருந்து வருகிறது? கீழே உள்ள குறிப்புகள் அந்த மூன்றையும் மனத்தில் வைத்துத் தொகுத்தவை.

அடிப்படை

• தணிப்பு: பசுங்குடில் வாயுக்கள் வெளியேறுவதைக் குறைப்பது. சூரிய மின்சக்தி, மின்சாரப் பேருந்து, குப்பைக் கிடங்கின் மீத்தேனைக் கட்டுப்படுத்துவது.

• தகவமைப்பு: வந்துவிட்ட, இனி வரப்போகிற மாற்றத்தைத் தாங்கும்படி ஊரையும் வாழ்முறையையும் மாற்றிக்கொள்வது. மழைநீர் வடிகால், வெப்ப எச்சரிக்கை, சதுப்பு நிலப் பாதுகாப்பு. மரம் நடுவதும் கூரைக்கு வெள்ளை பூசுவதும் இரண்டு பட்டியலிலும் இடம்பெறும். கொள்குறி வினாவில் குழப்புவதற்கு வசதியான இடம் இது.

• தணிப்பின் பலன் உலகத்துக்கே பொது. தகவமைப்பின் பலன் செய்த ஊருக்கு. உள்ளாட்சி இங்கே முன்னுக்கு வருவது அதனால்தான். சென்னை வேளச்சேரியில் தேங்கும் தண்ணீருக்குப் பாரிஸ் ஒப்பந்தம் வந்து கால்வாய் வெட்டாது.

• தவறான தகவமைப்பு: ஒருவரைக் காப்பாற்றச் செய்யும் ஏற்பாடு வேறொருவரின் பாதிப்பைக் கூட்டிவிடுவது. ஏசி அறையைக் குளிர்விக்கிறது, தெருவைச் சூடாக்குகிறது. ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் வெள்ளத்தை அடுத்த குடியிருப்புக்குத் தள்ளுகிறது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை (2021–2023) இதைத் தனியாக எச்சரிக்கிறது.

• நகர வெப்பத் தீவு: கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளியிடுவதால், சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பது. இந்த வேறுபாடு இரவில்தான் கூடுதலாகத் தெரியும். உயிரிழப்புகளில் இரவு வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு, உடல் ஓய்வெடுக்க நேரம் கிடைப்பதில்லை.

• இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வெப்ப அலை வரையறை: சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அதோடு இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடினால் வெப்ப அலை, 6.4க்கு மேல் போனால் கடுமையான வெப்ப அலை. இயல்பு எதுவானாலும் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலை, 47ஐத் தொட்டால் கடுமையான வெப்ப அலை. இந்த வரையறையில் காற்றின் ஈரப்பதம் நேரடியாகச் சேர்க்கப்படவில்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களுக்கு இது பெரிய குறை. அங்கே 36 டிகிரியிலேயே வேர்வை காயாமல் உடல் தளர்ந்துவிடும்.

• 24 மணி நேர மழை: 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை.

உலக அளவில் நினைவில் வைக்க வேண்டியவை

• ஐபிசிசி – 1988, உலக வானிலை அமைப்பும் ஐநா சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து நிறுவியது.
• ஐநா காலநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கை – 1992, ரியோ.
• பாரிஸ் ஒப்பந்தம் – 2015 டிசம்பர் 12 ஏற்பு, 2016 நவம்பர் 4 முதல் நடைமுறை. தகவமைப்பைப் பேசுவது 7ஆவது பிரிவு. தகவமைப்புக்கு உள்ளூர் பரிமாணமும் உண்டு என்று அந்தப் பிரிவு ஏற்கிறது.
• சென்டாய் பேரிடர் இடர் குறைப்புச் சட்டகம் – 2015 முதல் 2030 வரை.
• நீடித்த வளர்ச்சி இலக்குகள்: 11 நகரங்கள், 13 காலநிலை நடவடிக்கை.
• புதிய நகர்ப்புற நிகழ்ச்சி நிரல் – 2016, ஈக்வடாரின் கீட்டோ நகரில் நடந்த மூன்றாம் ஹாபிடாட் மாநாடு.
• நகரங்களின் கூட்டமைப்புகள்: இக்லி (1990), சி40 (2005). சி40ஐத் தொடங்கியவர் அன்றைய லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன். சென்னை, மும்பை, பெங்களூரு மூன்றும் சி40 உறுப்பினர்கள்.

அரசமைப்பும் சட்டமும்

ரியோ மாநாடு நடந்தது 1992. நம் நாடாளுமன்றம் 74ஆவது திருத்தத்தை நிறைவேற்றியதும் அதே 1992. ஆனால் திருத்தத்தோடு வந்த 12ஆவது அட்டவணையின் 18 பணிகளில் காலநிலை என்ற சொல்லும் இல்லை, பேரிடர் மேலாண்மையும் இல்லை. இருக்கும் பணிகளுக்குள்ளேதான் தகவமைப்பைத் தேட வேண்டும்.

• 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பகுதி 9-அ, கூறுகள் 243பி முதல் 243இசட்ஜி வரை.

• 12ஆவது அட்டவணையில் தகவமைப்போடு தொடர்புள்ள இனங்கள்: 1 நகரத் திட்டமிடல், 2 நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல், 5 நீர் வழங்கல், 6 பொதுச் சுகாதாரமும் திடக்கழிவும், 8 நகர்ப்புற வனவியலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும், 10 குடிசைப்பகுதி மேம்பாடு, 12 பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற வசதிகள்.

• கூறு 243டபிள்யூ-வை வரி வரியாகப் படியுங்கள். இந்தப் பணிகளை உள்ளாட்சிக்கு மாநிலச் சட்டமன்றம் "வழங்கலாம்" என்பதே அங்கே உள்ள நிலை, "வழங்க வேண்டும்" என்பது இல்லை. இந்திய நகரத் திட்டமிடலின் பாதிச் சிக்கல் இந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது.

• 243எஸ் – 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள். 243இசட்டி – மாவட்டத் திட்டக் குழு. 243இசட்இ – 10 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள பெருநகரப் பகுதிக்குப் பெருநகரத் திட்டக் குழு. பெருநகரக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். மாவட்டக் குழுவில் அது ஐந்தில் நான்கு.

• பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005: தேசியம், மாநிலம், மாவட்டம் என மூன்று அடுக்கு. நகரத்துக்கு என்று தனி அடுக்கு இல்லாமல் இருந்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு வழிசெய்தது. டெல்லியும் சண்டிகரும் இதில் விலக்கு. புதிய செய்தி என்பதால் கட்டாயம் படியுங்கள்.

• நகர்ப்புற வெள்ள மேலாண்மைக்கான தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள்: 2010. ஆற்று வெள்ளத்திலிருந்து நகர வெள்ளத்தைப் பிரித்து அணுகிய ஆவணம்.

• காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல் திட்டம்: 2008 ஜூன் 30, எட்டு இயக்கங்கள். நகரங்களுக்கு உரியது நீடித்த வாழ்விடத்துக்கான தேசிய இயக்கம்.

• நகரங்களைக் காலநிலை நோக்கில் மதிப்பிடும் சட்டகம்: ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம், 2019. 5 பிரிவுகள் (எரிசக்தியும் பசுமைக் கட்டடமும், நகரத் திட்டமிடலும் பசுமைப் பரப்பும் பல்லுயிரும், போக்குவரத்தும் காற்றுத் தரமும், நீர், கழிவு).

• தமிழ்நாடு அளவில்: நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998, அதன் விதிகள் 2023இல்தான் நடைமுறைக்கு வந்தன. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. தகவமைப்பு என்ற சொல் பிரபலமாகும் முன்பே செய்த தகவமைப்பு அது.

சென்னை: விரிவாகப் படிக்க வேண்டிய நகரம்

• மாநகராட்சி தொடங்கியது 1688 செப்டம்பர் 29. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி. 2011 விரிவாக்கத்துக்குப் பின் 426 சதுர கி.மீ., 15 மண்டலங்கள், 200 வார்டுகள்.

• நிலம் தட்டையானது. கொசஸ்தலை, கூவம், அடையாறு மூன்றும் கிழக்கே ஓடிக் கடலில் சேர, பக்கிங்காம் கால்வாய் வடக்கு தெற்காகக் குறுக்கே போகிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டிவிடும். ஆகவே வெள்ளமும் வறட்சியும் ஒரே நகரத்தின் சிக்கல்கள்.

• 2015 டிசம்பர் 1: தொடர்மழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. 2019 கோடை: ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. இடையில் நான்கே ஆண்டுகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் நகரத்தை மூழ்கடித்தது.

• சென்னைக் காலநிலைச் செயல் திட்டம்: 2023இல் வெளியானது. மாநகராட்சி, சி40 அமைப்பின் துணையோடு தயாரித்தது. இலக்கு 2050க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு (நாட்டின் இலக்கு 2070). ஆறு துறைகள்: மின்தொகுப்பும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும், கட்டடங்களின் எரிசக்தி, போக்குவரத்து, திடக்கழிவு, நகர வெள்ளமும் நீர்ப் பற்றாக்குறையும், எளிதில் பாதிக்கப்படும் மக்களும் சுகாதாரமும். முதல் நான்கும் பெரும்பாலும் தணிப்பு, கடைசி இரண்டும் தகவமைப்பு.

இப்போது அதிகாரக் கேள்விக்கு வருவோம். திட்டத்தின் அட்டையில் இருப்பது மாநகராட்சியின் பெயர். ஆனால் நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வகைப்படுத்துவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ஆறும் ஏரியும் நீர்வளத் துறையிடம். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் காப்புப் பகுதி வனத்துறையிடம். ஆற்றோரக் குடும்பங்களுக்கு மாற்று வீடு தருவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (2021 வரை இதன் பெயர் குடிசை மாற்று வாரியம்). பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். மாநகராட்சியிடம் நேரடியாக இருப்பவை மழைநீர் வடிகால், குப்பை, பூங்கா, உட்புறச் சாலைகள், நகர்நல மையங்கள். அதனால்தான் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் செய்தியில் வடிகால் கணக்கு மட்டும் வருகிறது. கையில் இருக்கும் கருவியைத்தான் யாரும் பயன்படுத்துவார்கள்.

• பெருநகர வளர்ச்சிக் குழுமம்: 1972இல் தோன்றி 1974இல் சட்டபூர்வ அமைப்பானது. முதல் முழுமைத் திட்டம் 1976, இரண்டாவது 2008 (2026 வரை). 1,189 சதுர கி.மீ. ஆக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 சதுர கி.மீ. ஆக விரிக்கும் அரசாணை 2022இல் வந்தது.

• பள்ளிக்கரணை: தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்துக்குப் போகிறது. 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 1,247.5 ஹெக்டேர். இந்தச் சதுப்பின் பெரும்பகுதியைக் குப்பைக் கிடங்கும் குடியிருப்பும் ஐடி வளாகங்களும் எடுத்துக்கொண்ட பிறகே இந்தப் பாதுகாப்பு வந்தது. ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் (2017) எதற்கு என்று கேட்டால் இந்த எடுத்துக்காட்டை எழுதலாம்.

• மழைநீர் வடிகால் திட்டங்கள் ஆற்றுப்படுகை வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன, நிதி தருவோரும் படுகைக்குப் படுகை வேறு. அடையாறு–கூவம்: உலக வங்கி. கொசஸ்தலை: ஆசிய வளர்ச்சி வங்கி. கோவளம்: ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி. பொருத்துக வினாவுக்கு ஏற்ற தகவல்.

• திருப்புகழ் குழு: 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின், ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி வெ.திருப்புகழ் தலைமையில் சென்னைப் பெருநகர வெள்ள இடர் தணிப்புக்காக அமைக்கப்பட்டது. இறுதி அறிக்கை 2023 மார்ச்.

• பஞ்சுப் பூங்கா: பூங்காவுக்குள் குளம் வெட்டி, சுற்றுத் தெருக்களின் மழைநீரை இறக்கி நிலத்தடிக்கு அனுப்புவது. நிலம் மாநகராட்சியுடையது என்பதால் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம், வேலை விரைவாக நடக்கிறது. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024இல் அரசு மீட்ட பிறகு அங்கும் குளங்கள் வெட்டப்பட்டன.

• கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள்: மீஞ்சூர் (2010) நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலி (2013) 10 கோடி லிட்டர், நெம்மேலி இரண்டாம் நிலையம் (2024) 15 கோடி லிட்டர். பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையம் கட்டப்பட்டுவருகிறது. வறட்சிக்கு இது நல்ல காப்பீடு. ஆனால் மின்சாரத்தைப் பெருமளவு தின்னும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வரும்வரை தகவமைப்புக்காகத் தணிப்பை விட்டுக்கொடுக்கிறோம் என்று விடையில் எழுதலாம். கோயம்பேடு, கொடுங்கையூர் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் (ஒவ்வொன்றும் 4.5 கோடி லிட்டர், 2019) கழிவுநீரைத் தொழிற்சாலைக்குத் தரும் வழி. என் பார்வையில் இதுவே நீண்டகாலத்துக்கு மேலானது.

• மறுகுடியமர்வு: 2015க்குப் பின் ஆற்றோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டன. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி இரண்டும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலங்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வெள்ளம் வரும் இன்னோர் இடத்துக்கே அனுப்பியது, அதுவும் வேலைக்குப் போக 20 கி.மீ. தள்ளி. தவறான தகவமைப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

• பகுதி சபை: 2022 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன. மாநிலத்தின் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும் என்பது அங்கே உட்காருபவர்களுக்குத் தெரியும். அந்தத் தகவல் திட்ட ஆவணம்வரை ஏறுவதற்கான வழிதான் இன்னும் மெலிந்தது.

தமிழ்நாடு அளவில்

• தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம். அதன் கீழ் பசுமை இயக்கம், சதுப்பு நில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் (2022 டிசம்பரில் தொடக்கம்). மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரோ நகர்மன்றத் தலைவரோ இந்த அமைப்பின் தலைமையில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

• 2024 அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய்.

• 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. மும்பையின் 2005 மழைக்கு நிகர். காயல்பட்டினம் ஒரு நகராட்சி. சி40 உறுப்பினரும் இல்லை, தனி காலநிலைப் பிரிவும் கிடையாது. பெருநகரங்களின் திட்டங்களை மட்டும் படிக்கும்போது இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது.

அகமதாபாத்: வெப்பத்துக்கான முன்மாதிரி

2010 மே மாதத்தில் அங்கே வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதத்தோடு ஒப்பிட்டபோது 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே 2013இன் வெப்பச் செயல் திட்டம். தெற்காசியாவின் முதல் திட்டம் இதுவே. மாநகராட்சியோடு காந்திநகரின் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் என்ஆர்டிசி அமைப்பும் சேர்ந்து தயாரித்தன.

• எச்சரிக்கை நிறங்கள்: மஞ்சள் 41.1 முதல் 43 டிகிரி, ஆரஞ்சு 43.1 முதல் 44.9, சிவப்பு 45 முதல். இவை அந்த நகரத்தின் இறப்புத் தரவிலிருந்து எடுக்கப்பட்டவை. இதே எண்களை அப்படியே மதுரைக்கோ நாகப்பட்டினத்துக்கோ போட முடியாது.

• சிவப்பு எச்சரிக்கை வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். பூங்காக்கள் கூடுதல் நேரம் திறந்திருக்கும், தண்ணீர்ப் பந்தல் திறக்கப்படும், மருத்துவமனைகள் ஐஸ் பொதிகளோடு தயாராகும், 108 வண்டிகளுக்குத் தகவல் போகும், கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும்.

• மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் மொட்டைமாடிக்குக் கீழே இருந்த பச்சிளங்குழந்தைப் பிரிவைத் தாழ்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சேரும் குழந்தைகள் குறைந்தார்கள். செலவு மிகக் குறைவு.

• 2018இல் வெளியான ஆய்வொன்று, இந்தத் திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டன என்று மதிப்பிட்டது.

இந்தத் திட்டம் ஏன் நடந்தது? மருத்துவமனை, பூங்கா, குடிநீர்க் குழாய், நகர்நலப் பணியாளர் எல்லாமே அங்கே மாநகராட்சியின் கீழ். ஆணையர் ஒரு சுற்றறிக்கை போட்டால் நடந்துவிடும். சென்னையின் வெள்ளத்துக்கு ஆறு துறைகள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இரண்டு நகரங்களையும் ஒப்பிட்டு எழுதினால் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் எழுதுவேன்.

• துணைத் தகவல்கள்: ஒடிசாவில் 1998 வெப்ப அலையில் 2,042 பேர் இறந்தனர், அதன் பிறகே அந்த மாநிலம் தயாரிப்புகளைத் தொடங்கியது. குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை வெளியிட்ட முதல் மாநிலம் தெலங்கானா (2023–2028).

பிற இந்திய நகரங்கள், சுருக்கமாக

• மும்பை: 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்குக் கட்டப்பட்டவை. அதை 50 மி.மீ. ஆக்கச் சொன்ன பிரிம்ஸ்டோவாட் அறிக்கை 1993இலேயே தயார். பன்னிரண்டு ஆண்டுகள் அலமாரியில் இருந்தது. காலநிலைச் செயல் திட்டம் 2022 மார்ச், இலக்கு 2050. 2024இல் மாநகராட்சி காலநிலை வரவு-செலவு அறிக்கையை வெளியிட்டது. இந்த முறையின் முன்னோடி நார்வேயின் ஆஸ்லோ.

• சூரத்: 2006 ஆகஸ்டில் உகாய் அணை திறக்கப்பட்டுத் தபதி நகரத்தை மூழ்கடித்தது. அணை ஏறக்குறைய 100 கி.மீ. மேலே, மாநிலத்தின் கட்டுப்பாட்டில். அதனால் மாநகராட்சி, நீர்ப்பாசனத் துறை, தொழில் வணிகச் சபை ஆகியோரை ஒன்றாக உட்காரவைக்கும் சூரத் காலநிலை மாற்ற அறக்கட்டளை உருவாயிற்று. அணையிலிருந்து தெருவரை தொடரும் முன்னெச்சரிக்கை அதன் முக்கியப் பணி. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆசிய நகரங்கள் திட்டத்தில் (2008) இருந்த முதல் மூன்று இந்திய நகரங்கள்: சூரத், இந்தூர், கோரக்பூர்.

• பெங்களூரு: காலநிலைச் செயல் திட்டம் 2023 நவம்பர்.

• கொல்கத்தா: கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம், 2002 முதல் ராம்சர் தலம், 12,500 ஹெக்டேர். நகரத்தின் கழிவுநீரை மீன் வளர்ப்பின் மூலம் சுத்தம் செய்கிறது. பள்ளிக்கரணையோடு ஒப்பிட ஏற்றது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் (இரண்டுக்கு மேல் விடையில் வேண்டாம்)

• கோபன்ஹேகன்: 2011 ஜூலை 2 அன்று இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 150 மி.மீ. மழை. 2012இல் மேகவெடிப்பு மேலாண்மைத் திட்டம். சுமார் 300 வேலைகள், 20 ஆண்டுகள். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழையிலும் தெருவில் 10 செ.மீ.க்கு மேல் நீர் நிற்கக் கூடாது என்பது அளவுகோல். இந்த ஒற்றை வரியைக் கவனியுங்கள். வெள்ளமே வராது என்று அவர்கள் உறுதி தரவில்லை, எவ்வளவு வரலாம் என்று எழுதிவிட்டார்கள். பணத்தின் பெரும்பகுதி மக்கள் கட்டும் நீர்க் கட்டணத்திலிருந்து.

• சீனாவின் பஞ்சு நகரங்கள்: கருத்தைப் பரப்பியவர் பீகிங் பல்கலைக்கழகத்தின் யு கோங்ஜியான். 2015இல் 16 முன்னோடி நகரங்கள். ஆனால் பஞ்சு நகரப் பணிகளில் பெரும்பணம் போட்டிருந்த செங்சோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. கொட்டியது. மெட்ரோ ரயிலில் சிக்கி 14 பேர் இறந்தனர். உறிஞ்சும் நிலத்துக்கும் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் எச்சரிக்கையும் ரயிலை நிறுத்தும் அதிகாரமும்தான் உயிரைக் காக்கும்.

• ராட்டர்டாம்: பெந்தம்பிளைன் நீர்ச் சதுக்கம், 2013. வெயில் நாளில் விளையாட்டுத் திடல், மழையில் குளம்.

• சிங்கப்பூர்: ஏபிசி வாட்டர்ஸ் திட்டம் 2006, மரினா தடுப்பணை 2008.

பணம்

• 15ஆவது நிதி ஆணையம் ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தணிப்புக்கு 2,500 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்குத் தலா 500 கோடி; பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனேவுக்குத் தலா 250 கோடி.

• அந்த வகையில் முதலில் ஒப்புதல் பெற்றது சென்னைப் படுகைத் திட்டம்: 2023 டிசம்பர், 561.29 கோடி ரூபாய், அதில் ஒன்றிய அரசின் பங்கு 500 கோடி. மிக்ஜாம் ஓய்ந்த கையோடு வந்த ஒப்புதல்.

• பசுமைக் கடன் பத்திரம் வெளியிட்ட முதல் இந்திய மாநகராட்சி காஜியாபாத் (2021, 150 கோடி). பொதுமக்களுக்கு வெளியிட்ட முதல் மாநகராட்சி இந்தூர் (2023, 244 கோடி). இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

• காலநிலை மாற்றத்துக்கான தேசியத் தகவமைப்பு நிதி: தேசியச் செயலாக்க அமைப்பு நபார்டு.

• வெளிநாட்டு வங்கிக் கடனில் நடக்கும் வேலைகள் பெரும்பாலும் கான்கிரீட் வேலைகளாகவே இருக்கின்றன. அளந்து காட்டக்கூடியது அதுதான். ஏரியின் வரத்துக்கால்வாயை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க அதிகம் தேவைப்படுவது பணத்தைவிட நிர்வாகத் துணிவு, அதற்கு எந்த வங்கியும் கடன் தராது.

முதன்மைத் தேர்வுக்கு

"நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளத் தயாரா?" என்பது போன்ற கேள்விக்கு முன்னுரையில் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து தொடங்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். 12ஆவது அட்டவணையில் தொடங்குங்கள். 243டபிள்யூ, ஒரு வெள்ள நகரம், ஒரு வெப்ப நகரம், நிதி ஆணையத்தின் எண், 2025 திருத்தம் என்று போனால் இரண்டு பக்கம் நிறைந்துவிடும். பத்து நகரங்களின் பெயரை அடுக்குவதைவிட ஒரு நகரத்தை அதன் ஆறு, ஏரி, துறை, பணம் எல்லாவற்றோடும் எழுதுவது மதிப்பெண் தரும். உங்கள் சொந்த ஊரின் நகராட்சியை ஓர் எடுத்துக்காட்டாகச் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026உடன் முடிகிறது. மூன்றாவது திட்டம் கைக்குக் கிடைக்கும் நாளில் முன்னுரையை விட்டுவிட்டு நில வகைப்பாட்டு வரைபடத்தை முதலில் திறந்து பாருங்கள். பள்ளிக்கரணையைச் சுற்றி என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.